லீடரில் வந்துவிட்டது, ரெப்ளிகாவில் வரவில்லை: உடனடித் தேடலும் இண்டெக்ஸ் நகலும் மோதும்போது எங்கே பார்ப்பது

சேர்த்த ஆவணம் ஓரிரு நொடியில் தேடலில் வர வேண்டும், எந்த சர்வரைக் கேட்டாலும் ஒரே பதில் வர வேண்டும். (எழுதலை முதலில் வாங்கும் நகல் லீடர், எலாஸ்டிக்சர்ச்சில் ப்ரைமரி; மற்ற நகல்கள் ரெப்ளிகா.) தனித்தனியாக இரண்டும் எளிது. சேர்த்துக் கேட்கும்போதுதான் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடுகிறது. சோலர், எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச் என்ற தேடல் சர்வர்கள் மூன்றுக்கும் அடியில் ஓடுவது லூசீன் என்ற தேடல் நூலகம்தான், அதனால் கோளாறின் அறிகுறிகளும் பெரும்பாலும் ஒன்றே, செட்டிங்குகளின் பெயர்தான் மாறும். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு இப்போது எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

ஒரு ஆவணம் உள்ளே வந்த பிறகு அதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்: தேடலுக்குத் தெரிய வர வேண்டும், மின்சாரம் போனாலும் அழியாதபடி டிஸ்கில் பதிய வேண்டும், மற்ற சர்வர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றும் மூன்று தனி இடைவெளிகளில் ஓடுகின்றன. சோலரில் சாஃப்ட் கமிட் முதல் வேலையை மட்டும் செய்யும், ஹார்டு கமிட் இரண்டாவதைச் செய்யும் (ஓப்பன்சர்ச்சர் (openSearcher) என்ற செட்டிங்கை ட்ரூ என்று வைத்திருந்தால் முதலாவதையும் சேர்த்தே செய்யும்). எலாஸ்டிக்சர்ச்சில் ரிஃப்ரெஷ் முதல் வேலை, டிரான்ஸ்லாகும் (வந்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) ஃப்ளஷும் (அவற்றை இண்டெக்ஸ் ஃபைல்களாக டிஸ்கில் நிலைப்படுத்துவது) இரண்டாவது. மூன்றாவது வேலை எப்படி நடக்கும் என்பது, சர்வர்களுக்கிடையே பயணிப்பது எது என்பதைப் பொறுத்தது: ஆவணமே போகிறதா, அல்லது ஒரு சர்வர் எழுதி முடித்த செக்மெண்ட் (இண்டெக்ஸின் துண்டு) ஃபைல்கள் போகின்றனவா? எலாஸ்டிக்சர்ச்சின் வழக்கமான ரெப்ளிகா, சோலரின் என்ஆர்டி (NRT, near real time) ரெப்ளிகா இரண்டிலும் ஆவணம் போகிறது, ஒவ்வொரு நகலும் தானே அதை இண்டெக்ஸ் செய்துகொள்கிறது. சோலரின் பழைய லீடர்-ஃபாலோயர் முறை, 2017இல் சோலர் 7 கொண்டுவந்த டிலாக் (TLOG, மாற்றப் பதிவேட்டையும் எழுதும்), புல் (PULL, ஃபைலை மட்டும் இழுக்கும்) ரெப்ளிகாக்கள், 2023இல் ஓப்பன்சர்ச் 2.7இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்த செக்மெண்ட் ரெப்ளிகேஷன், இவற்றில் ஃபைல் போகிறது.

எந்த இடைவெளி தாமதிக்கிறது என்று பார்க்காமல் மூன்றையும் கமிட் என்ற ஒரே கைப்பிடியால் இறுக்குவதுதான் இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. தேடலில் தாமதமா, கமிட்டைக் கூட்டு. ரெப்ளிகா பின்தங்குகிறதா, கமிட்டைக் கூட்டு. இரண்டு நாளில் சிபியூ மூச்சுத் திணறும், அப்புறம் எது காரணம், எது விளைவு என்றே பிரிக்க முடியாது.

எதையும் மாற்றும் முன் அளந்துவிடுங்கள்

தாமதம் எங்கே என்று தெரியாமல் செட்டிங்கில் கை வைக்காதீர்கள். இதற்குப் பெரிய கண்காணிப்புக் கருவி எதுவும் வேண்டாம். அனுப்பிய நேரத்தையே ஒரு தேதிப் புலமாகக் கொண்ட ஒரு சோதனை ஆவணத்தை, ஒரே அடையாள எண்ணில், சில நொடிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எழுதும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். அப்புறம் ஒவ்வொரு நகலையும் தனித்தனியாகக் கேளுங்கள். சோலரில் அந்த நகலின் கோரை (core) நேரடியாக அழைத்து டிஸ்ட்ரிப் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் அது தன்னிடம் உள்ளதை மட்டும் சொல்லும். எலாஸ்டிக்சர்ச்சில் ப்ரிஃபரன்ஸ் என்ற தேடல் அளவுருவில் ஒன்லி நோட்ஸ் என்று அந்த நோடைக் குறிப்பிட்டால் அதில் உள்ள நகல் மட்டும் பதில் தரும். லோட் பேலன்சர் வழியாகக் கேட்டு அளந்தால் எந்த நகல் பதில் சொன்னது என்றே தெரியாது, அந்த அளவு எதற்கும் உதவாது. ஒன்று கவனிக்க வேண்டும்: ஆவணங்கள் பல ஷார்டுகளில் (இண்டெக்ஸின் தனிப் பகுதிகளில்) பிரியும் இண்டெக்ஸ் என்றால் சோதனை ஆவணம் எந்த ஷார்டில் விழுகிறதோ அந்த ஷார்டின் நகல்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

கிடைக்கும் எண்களில் இரண்டு வகை தெரியும். எல்லா நகலும் ஒரே அளவு பின்தங்கியிருந்தால் பிரச்சினை முதல் இடைவெளியில், அதாவது தெரிய வருவதில். லீடர் சரியாக இருந்து மற்றவை மட்டும் பின்தங்கினால் அது பயணத்தில்.

அறிகுறி: லீடரில் உடனே வருகிறது, ரெப்ளிகாவில் நெடுநேரம் வரவில்லை

ஃபைல் போகும் முறையில் இதுதான் முதலில் வரும் புகார், காரணமும் அனேகமாக ஒன்றேதான். சாஃப்ட் கமிட்டுக்கு ரெப்ளிகாவைப் பற்றி எதுவும் தெரியாது. அது லீடரின் நினைவகத்தில் ஒரு புதிய சர்ச்சரை (இண்டெக்ஸின் அந்த நேரத்து நிலையில் தேடித் தருவது) திறந்து புதிய ஆவணங்களைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ரெப்ளிகா வந்து கேட்பதோ "கடைசி ஹார்டு கமிட்டில் என்னென்ன ஃபைல்கள் இருந்தன?" என்று. ஆக சாஃப்ட் கமிட்டை ஒரு நொடிக்குக் குறைத்தாலும் அரை நொடிக்குக் குறைத்தாலும் ரெப்ளிகாவில் ஒரு மாற்றமும் வராது, லீடரின் கேஷ்தான் (cache, முந்தைய தேடல்களின் தற்காலிகச் சேமிப்பு) வீணாகும்.

ஒரு ஆவணத்தோடு கூடவே போய்ப் பார்ப்போம். சோலரில் டிலாக் லீடரும் புல் ரெப்ளிகாக்களும் இருக்கின்றன, ஆட்டோகமிட் மேக்ஸ்டைம் (தானாக நடக்கும் ஹார்டு கமிட்டின் இடைவெளி) 15000 மில்லிநொடி, ஓப்பன்சர்ச்சர் ஃபால்ஸ், சாஃப்ட் கமிட் 2000 மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் வந்ததும் டிரான்ஸாக்ஷன் லாகில் எழுதப்படுகிறது. 2 நொடிக்குள் லீடரில் தேடினால் கிடைக்கிறது. அடுத்த ஹார்டு கமிட் வருவதற்கு, நேரம் ஒத்துவராவிட்டால், 15 நொடி ஆகும். புல் ரெப்ளிகா எத்தனை நொடிக்கு ஒருமுறை வந்து கேட்கும்? இது பலருக்குத் தெரிவதில்லை: தனியாகச் சொல்லாவிட்டால் ஆட்டோகமிட் இடைவெளியில் பாதியைத் தானே எடுத்துக்கொள்கிறது, இங்கே ஏறத்தாழ 7 நொடி. ஆக மோசமான நிலையில் 15, அதோடு 7, மொத்தம் 22 நொடி. அதற்கு மேல் ஃபைலை இழுக்கும் நேரம், அதற்கும் மேல் ரெப்ளிகா புது சர்ச்சரைத் திறந்து வார்மிங் செய்யும் (அதன் கேஷை முன்கூட்டியே நிரப்பும்) நேரம். லீடரில் 2 நொடி, ரெப்ளிகாவில் அரை நிமிடம் என்பது இந்த செட்டிங்கில் கோளாறே இல்லை, எழுதிக் கொடுத்தபடிதான் நடக்கிறது.

குறைக்க வேண்டுமென்றால் குறைக்க வேண்டியது ஹார்டு கமிட் இடைவெளியைத்தான். ஓப்பன்சர்ச்சர் ஃபால்ஸாக இருக்கும்வரை ஹார்டு கமிட் லீடருக்குப் பெரிய பாரமில்லை, சர்ச்சரும் திறக்காது, கேஷும் கலையாது. ஆனால் அந்தச் செலவு ரெப்ளிகாவுக்குப் போகும், ஏனென்றால் புதிய ஃபைல் வந்த ஒவ்வொரு முறையும் அது புது சர்ச்சரைத் திறந்தாக வேண்டும். ரெப்ளிகாவில் வார்மிங்குக்கு 6 நொடி ஆகிறதென்றால் 5 நொடிக்கு ஒருமுறை ஃபைல் அனுப்புவதில் பொருளில்லை.

பழைய லீடர்-ஃபாலோயர் முறையில் இருப்பவர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். கமிட்விதின் (இத்தனை நேரத்துக்குள் கமிட் செய் என்று எழுதலோடு அனுப்பும் குறிப்பு) வைத்து எழுதுகிறீர்களா? சோலர் 4 வந்த 2012 முதல் கமிட்விதின் செய்வது சாஃப்ட் கமிட்தான், அதனால் அது ஃபாலோயருக்குப் போகாது. அப்டேட் ஹேண்ட்லரில் கமிட்விதின் பகுதிக்குள் சாஃப்ட்கமிட் ஃபால்ஸ் என்று எழுதினால் ஹார்டு கமிட் நடக்கும், அப்போதுதான் நகலாகும். லாகில் எந்தப் பிழையும் வராமல் "நகலே ஆகவில்லை" என்று நாள் கணக்கில் தேட வைக்கிற இடம் இது.

இதையெல்லாம் செய்தும் போதவில்லை, எல்லா நகலிலும் 2 நொடிதான் வேண்டும் என்றால், ஃபைல் அனுப்பும் முறை அதற்கானது இல்லை. என்ஆர்டி ரெப்ளிகாவுக்கு மாறுங்கள். ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு ஆவணத்தையும் தானே இண்டெக்ஸ் செய்யும், அந்த சிபியூ செலவை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அறிகுறி: ஒரு முறை தேடினால் வருகிறது, மறு முறை தேடினால் காணோம்

ஆவணம் போகும் முறையில் இது சகஜம். எலாஸ்டிக்சர்ச்சில் ப்ரைமரியும் ரெப்ளிகாவும் ஆவணத்தை ஒரே நேரத்தில் பெற்றிருந்தாலும், ரிஃப்ரெஷ் ஒவ்வொன்றிலும் அதனதன் கணக்குப்படி நடக்கிறது. இயல்பு இடைவெளி 1 நொடி. ஒன்று ரிஃப்ரெஷ் ஆகி மற்றது ஆகாத அந்தச் சிறு இடைவெளியில் இரண்டு தேடல்கள் இரண்டு நகல்களுக்குப் போனால், வந்த ஆவணம் மறைந்த மாதிரி தெரியும். பயனர் இதைத் தகவல் இழப்பு என்றே எடுத்துக்கொள்வார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

ரிஃப்ரெஷ் இடைவெளியைக் குறைத்து இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள், இடைவெளி சுருங்குமே தவிர இல்லாமல் போகாது. ஒரு பயனரின் எல்லாத் தேடல்களும் ஒரே நகலுக்குப் போகும்படி செய்யுங்கள். ப்ரிஃபரன்ஸில் அவருடைய செஷன் அடையாளத்தைக் கொடுத்தால் போதும், அதே சரத்துக்கு அதே நகல்தான் பொதுவாகப் பதில் தரும் (நோடுகள் கூடினால் குறைந்தால் மாறலாம்). அவர் பார்க்கும் உலகம் ஒரு நொடி பழையதாக இருக்கலாம், ஆனால் பின்னோக்கிப் போகாது. பெரும்பாலான தளங்களுக்கு உண்மையில் வேண்டியது இதுதான், ஒரு நொடி வேகம் இல்லை.

சோலரில் என்ஆர்டியும் புல்லும் கலந்து வைத்திருந்தால் இந்த ஊசலாட்டம் இன்னும் மோசமாகும், ஏனென்றால் ஒரு நகல் 2 நொடி பின்னால், இன்னொன்று 20 நொடி பின்னால். ஷார்ட்ஸ் ப்ரிஃபரன்ஸில் ரெப்ளிகா வகையைக் குறிப்பிட்டு, தேடல்கள் எல்லாம் புல்லுக்கே போகும்படி செய்துவிடுங்கள்.

அறிகுறி: சேமித்தவருக்கே சேமித்தது தெரியவில்லை

ஒரு பதிவைத் திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார், பழையதே நிற்கிறது. இங்கே முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பக்கத்துக்குத் தேடல் வேண்டுமா என்பது. அடையாள எண் கையில் இருக்கிறது என்றால் அதை வைத்து நேராக எடுக்கலாம். எலாஸ்டிக்சர்ச்சின் கெட் ரிஃப்ரெஷுக்காகக் காத்திருக்காது, சோலரின் ரியல்டைம் கெட் டிரான்ஸாக்ஷன் லாகிலிருந்தே எடுத்துத் தரும். பாதிப் புகார்கள் இதோடு போய்விடும்.

பட்டியலில் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், அந்த ஒரு எழுதலுக்கு மட்டும் ரிஃப்ரெஷ் வெயிட்ஃபார் என்று கொடுங்கள். ஆவணம் தேடலில் தெரிந்த பிறகே பதில் வரும், புதிதாக ரிஃப்ரெஷைத் திணிக்காது. இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு ஷார்டில் இப்படிக் காத்திருப்பவை 1000 ஐ எட்டிவிட்டால் அதற்கு மேல் வருவது ரிஃப்ரெஷைத் திணித்துவிடும், அதனால் மொத்தமாக எழுதும் வேலைகளில் இதைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு, ரிஃப்ரெஷ் இடைவெளி -1 என்றிருக்கும் இண்டெக்ஸில் வெயிட்ஃபார் கொடுத்தால், வேறு யாராவது ரிஃப்ரெஷ் செய்யும்வரை அது காத்துக்கொண்டே இருக்கும். கோரிக்கை தொங்கிவிட்டது என்று நெட்வொர்க்கைத் தோண்ட ஆரம்பிப்பார்கள். மூன்று, ஓப்பன்சர்ச்சின் செக்மெண்ட் ரெப்ளிகேஷனில் இந்தக் காத்திருப்பு ப்ரைமரிக்கு மட்டும்தான் உறுதி தரும், ரெப்ளிகா அப்போது ஆவணத்தைத் தன் டிரான்ஸ்லாகில் எழுதியிருக்குமே தவிர தேடலில் காட்டாது. அங்கே எழுதியவுடன் படிக்க வேண்டிய அந்தத் தேடலை மட்டும் ப்ரிஃபரன்ஸில் ப்ரைமரி என்று கொடுத்து அனுப்புங்கள்.

அறிகுறி: சர்ச்சர்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிகின்றன, சிபியூ இறங்குவதில்லை

சோலர் லாகில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெக் (இன்னும் தயாராகிக்கொண்டிருக்கும்) சர்ச்சர்கள் ஒரே நேரத்தில் இருப்பதாக எச்சரிக்கை வந்தால், முந்தைய சர்ச்சர் வார்மிங் முடிப்பதற்குள் அடுத்த கமிட் வந்துவிட்டது என்று பொருள். 6.4க்கு முந்தைய பதிப்புகளில் இத்தகைய சர்ச்சர்களின் எண்ணிக்கை வரம்பை (மேக்ஸ்வார்மிங்சர்ச்சர்ஸ்) தாண்டினால் கமிட்டே பிழையோடு திரும்பும். 6.4 முதல் இயல்பு வரம்பு 1, தாண்டினால் பிழை இல்லை, கமிட் காத்திருக்கும். அதனால் புதிய பதிப்புகளில் எச்சரிக்கைக்குப் பதில் "எழுதல் திடீரென்று மெதுவாகிவிட்டது" என்ற உருவத்தில் இதே நோய் வரும்.

மேக்ஸ்வார்மிங்சர்ச்சர்ஸ் எண்ணைக் கூட்டச் சொல்லும் ஆலோசனை நிறையக் கிடைக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒவ்வொரு சர்ச்சரும் தனக்கென்று கேஷ் வைத்துக்கொண்டு, பழைய கேஷில் இருந்த கேள்விகளை மறுபடி ஓட்டுகிறது. எண்ணைக் கூட்டினால் அதே சிபியூவை இன்னும் பலர் பங்குபோட்டு, ஒவ்வொன்றும் இன்னும் தாமதமாகும்.

பார்க்க வேண்டிய வரிசை இது. கமிட் எங்கிருந்து வருகிறது? பயன்பாட்டு நிரலில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு கமிட் அழைப்பு ஒளிந்திருப்பதுதான் பெரும்பாலான இடங்களில் காரணம். பல குழுக்கள் எழுதும் இண்டெக்ஸ் என்றால் எல்லார் நிரலையும் திருத்தக் காத்திருக்க வேண்டாம், அப்டேட் ப்ராசசர் வரிசையில் இக்னோர்கமிட்ஆப்டிமைஸ் ப்ராசசரைச் சேர்த்து, நிலைக் குறியீடு 200 என்று வைத்தால், வெளியிலிருந்து வரும் கமிட், ஆப்டிமைஸ் அழைப்புகளை அது சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். அடுத்து கேஷ்களின் ஆட்டோவார்ம் எண்ணிக்கை. ஃபில்டர் கேஷில் 512 என்று யாரோ எப்போதோ எழுதியிருப்பார்கள், ஒவ்வொரு சர்ச்சருக்கும் 512 ஃபில்டர்களை மறுபடி கணக்கிட வேண்டும். 16, 32 என்று இறக்கி, வார்மிங் நேரத்தைப் பாருங்கள். மூன்றாவது, ஃபில்டரில் "இப்போது" என்பதை மில்லிநொடி துல்லியத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஒவ்வொரு தேடலும் ஒரு புது ஃபில்டராகக் கேஷில் ஏறும், மறுபடி ஒருபோதும் பயன்படாது, ஆனால் வார்மிங்கில் மட்டும் நேரம் தின்னும். மணி அளவுக்கு வெட்டிவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு வார்மிங் நேரம் எவ்வளவு என்று பார்த்து, சாஃப்ட் கமிட் இடைவெளியை அதைவிடத் தாராளமாகப் பெரிதாக வையுங்கள். வார்மிங் 3 நொடி எடுக்கும் சர்வரிடம் 1 நொடித் தேடலை எதிர்பார்க்க முடியாது.

அறிகுறி: சின்ன மாற்றத்துக்குக்கூட நெட்வொர்க் நிறைகிறது

லூசீன் எழுதிய செக்மெண்டை மாற்றுவதில்லை, புதிது எழுதும், பிறகு சிறியவற்றை ஒன்றாக்கிப் பெரிதாக்கும் (இதுதான் மெர்ஜ்). ஃபைல் அனுப்பும் முறைக்கு இது வரமும் சுமையும். மாறாத ஃபைல்களை மறுபடி அனுப்ப வேண்டாம் என்பது வரம். மெர்ஜ் ஆன ஒவ்வொரு முறையும் ஏற்கனவே அனுப்பிய அதே ஆவணங்கள் புதிய ஃபைலாக மறுபடி பயணிக்கின்றன என்பது சுமை. சாதாரண மெர்ஜ் கொள்கையில் ஒரு செக்மெண்ட் 5 ஜிபி வரை வளரலாம். 1 ஜிகாபிட் நெட்வொர்க் முழுவதையும் உங்களுக்கே கொடுத்தாலும் நொடிக்கு 125 எம்பிதான், ஆக அந்த ஒரு ஃபைலுக்கு 40 நொடி. நான்கு ரெப்ளிகாக்கள் ஒரே லீடரிடம் இழுத்தால் 160 நொடி. அந்த நேரம் முழுக்க ரெப்ளிகா பழைய கமிட்டிலேயே நிற்கும், அதற்குப் பிறகு வந்த இரண்டு கிலோபைட் மாற்றமும் அந்த 5 ஜிபிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். "பெரும்பாலும் வேகமாக இருக்கிறது, அவ்வப்போது மட்டும் மூன்று நிமிடம் உறைந்துபோகிறது" என்ற புகாரைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மெர்ஜின் உச்ச அளவை 1 அல்லது 2 ஜிபிக்கு இறக்குங்கள். செக்மெண்ட் எண்ணிக்கை கூடும், தேடல் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் தாமதம் சீராகும். உடனடித் தேடலுக்குச் சீர்தான் முக்கியம். அப்புறம் ஆப்டிமைஸ். இரவில் ஓடும் ஏதோ ஒரு வேலை முழு இண்டெக்ஸையும் ஒரே செக்மெண்டாக்கினால், காலையில் எல்லா ரெப்ளிகாவும் முழு இண்டெக்ஸையும் புதிதாக இழுக்கும். தொடர்ந்து மாறும் இண்டெக்ஸில் ஆப்டிமைஸை எடுத்தே விடுங்கள்.

மெர்ஜும் இல்லை, ஆப்டிமைஸும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் முழு நகல்தான் என்றால், ரெப்ளிகாவில் யாராவது நேரடியாக எழுதுகிறார்களா என்று பாருங்கள். பழைய லீடர்-ஃபாலோயர் முறையில் ஃபாலோயரின் ஜெனரேஷன் எண் (கமிட்டுக்குக் கமிட் ஏறும் எண்) லீடருக்குச் சமமாகவோ மேலாகவோ போய்விட்டால், சோலர் அதை நம்பாமல் முழுவதையும் எடுக்கும். ஒரு கோளாறான ஹெல்த் செக் ஸ்கிரிப்ட் ஃபாலோயருக்குக் கமிட் அனுப்பினாலே இது நடக்கும். முழு நகலின்போது பழைய இண்டெக்ஸும் புதியதும் அருகருகே இருப்பதால் டிஸ்கில் இரண்டு மடங்கு இடம் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், 60 சதவீதம் நிரம்பிய டிஸ்க் அந்த நேரத்தில் போதாது.

நகலெடுப்பு பாதியில் "ஃபைல் இல்லை" என்று முறிகிறதென்றால் கமிட் ரிசர்வ் ட்யூரேஷன் பாருங்கள். கேட்ட கமிட்டின் ஃபைல்களை லீடர் அழிக்காமல் வைத்திருக்கும் காலம் அது, இயல்பாக 10 நொடி. கமிட் அடிக்கடி, நெட்வொர்க் மெது என்றால் அதைக் கூட்டுங்கள்.

அறிகுறி: மறுதொடக்கம் செய்த சர்வர் எழுந்து வர யுகமாகிறது

இதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள், லாகைப் பார்த்தால் பிரிக்கலாம்.

டிரான்ஸாக்ஷன் லாகை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தால், ஹார்டு கமிட் நடக்கவில்லை அல்லது மிக அரிதாக நடக்கிறது. சாஃப்ட் கமிட் தேடலை ஓட்டிவிடுவதால் ஹார்டு கமிட்டை யாரும் தேடுவதில்லை, லாக் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். ஆட்டோகமிட் 15 முதல் 60 நொடி, ஓப்பன்சர்ச்சர் ஃபால்ஸ். இதைச் செய்யாமல் இருக்க எந்த நல்ல காரணமும் எனக்குத் தெரிந்து இல்லை.

லாக் ஓட்டவில்லை, ஆனால் லீடரிடமிருந்து முழு இண்டெக்ஸையும் இழுக்கிறது என்றால், பீர்சிங்க் தோற்றிருக்கிறது. விட்டுப்போன மாற்றங்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழி அது, ஆனால் சோலர் இயல்பாக வைத்திருப்பது கடைசி 100 மாற்றங்கள்தான். நொடிக்கு 200 ஆவணம் எழுதும் இண்டெக்ஸில் அரை நொடி விலகியிருந்தாலே அந்த 100 தாண்டிவிடும். நெட்வொர்க் ஒருமுறை இமைத்தால் முழு நகல் என்பது அதனால்தான். நம்பர் ரெக்கார்ட்ஸ் டு கீப் என்பதை, ஒரு மறுதொடக்கத்துக்கு ஆகும் நேரத்தில் எத்தனை ஆவணம் வருமோ அதற்கு மேலாக வையுங்கள். மேக்ஸ் நம்பர் லாக்ஸ் டு கீப்பையும் சேர்த்தே கூட்ட வேண்டும், அதன் இயல்பு 10. லாகுக்குக் கொஞ்சம் டிஸ்க் போகும், போகட்டும்.

எலாஸ்டிக்சர்ச்சில் இந்த வரலாறு 12 மணி நேரத்துக்கு வைக்கப்படுவதால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வேறொன்று: ஒரு நோட் போனால் 1 நிமிடம் மட்டுமே பொறுத்திருந்து, பிறகு அதன் ஷார்டுகளை வேறு இடத்தில் கட்டத் தொடங்கிவிடும். மறுதொடக்கத்துக்கு 3 நிமிடம் ஆகும் நோட் என்றால் அந்தக் காத்திருப்பை 5 நிமிடமாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: ஒரே தேடல், அதே முடிவுகள், வரிசை மட்டும் மாறுகிறது

அழித்த ஆவணங்கள் மெர்ஜ் ஆகும்வரை சொல் எண்ணிக்கைக் கணக்கில் இருந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு நகலும் தனக்குத் தோன்றிய நேரத்தில் மெர்ஜ் செய்வதால் மதிப்பெண்கள் சற்றே விலகும். செஷன் ப்ரிஃபரன்ஸ் இங்கேயும் போதும். ஃபைல் அனுப்பும் முறையில் எல்லாரிடமும் ஒரே செக்மெண்ட் என்பதால், நகல்கள் ஒரே கமிட்டில் இருக்கும்வரை இது வராது.

அறிகுறி: சில நேரம் முதல் தேடல் மட்டும் மெதுவாக வருகிறது

எலாஸ்டிக்சர்ச் 7 முதல், ரிஃப்ரெஷ் இடைவெளியை நீங்களாக எழுதாத இண்டெக்ஸில் 30 நொடி யாரும் தேடாவிட்டால் ரிஃப்ரெஷ் நின்றுவிடும், அடுத்து வரும் தேடல் ரிஃப்ரெஷுக்காகக் காத்திருக்கும். இடைவெளியை 1 நொடி என்று வெளிப்படையாக எழுதினால் இது போய்விடும்.

அறிகுறி: எழுதும் வேகம் சரிகிறது, 429 (கோரிக்கைகள் அதிகம் என்ற மறுப்பு) வருகிறது

எழுதும் நிரலில் ரிஃப்ரெஷ் ட்ரூ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு செக்மெண்ட் பிறந்து, அவற்றை மெர்ஜ் செய்வதிலேயே சர்வர் களைத்துப்போகும். அது இல்லையென்றால் ரெப்ளிகா எண்ணிக்கையைப் பாருங்கள். ஆவணம் போகும் முறையில் மூன்று ரெப்ளிகா என்றால் ஒரே பகுப்பாய்வு வேலை நான்கு முறை நடக்கிறது. தேடல் கூட்டத்துக்காகச் சேர்த்த ரெப்ளிகாக்கள் எழுதலை மூச்சுத் திணற வைக்கும் இடம் இது.

இங்கே முடிவெடுக்க வேண்டியது நீங்கள்தான், செட்டிங்கால் தப்பிக்க முடியாது. சோலரில் எனக்குப் பிடித்த அமைப்பு: ஷார்டுக்கு இரண்டு டிலாக், அவை லீடர் பொறுப்புக்கு, தேடல் கூட்டத்துக்குத் தேவையான அளவு புல். லீடராக இருக்கும் டிலாக் மட்டும் இண்டெக்ஸ் செய்யும், மற்ற டிலாக் லாகை மட்டும் எழுதிக்கொண்டு ஃபைலை வாங்கிக்கொள்ளும். புல் எத்தனை கூட்டினாலும் எழுதலின் சிபியூ ஏறாது, நெட்வொர்க் மட்டும் ஏறும். விலை, மேலே கணக்குப் போட்ட அந்த 22 நொடி. அதை ஏற்க முடியாத இண்டெக்ஸ் உண்மையிலேயே எது என்று பிரித்து, அதை மட்டும் என்ஆர்டியில் வையுங்கள். இருப்பு நிலவரம் போலச் சிறியதாகவும் வேகமாக மாறுவதாகவும் இருக்கும் தகவல்தான் பொதுவாக அந்த வகை, நீண்ட விவரணைகள் அல்ல. ஓப்பன்சர்ச்சில் செக்மெண்ட் ரெப்ளிகேஷனுக்குப் போனால் ரெப்ளிகா எவ்வளவு பின்தங்குகிறது என்பதைக் கேட் செக்மெண்ட் ரெப்ளிகேஷன் ஏபிஐயில் பார்க்கலாம். ரெப்ளிகா மிகவும் பின்தங்கினால் எழுதலைத் தடுக்கும் பேக்பிரஷர் வசதியும் உண்டு, ஆனால் அதை நீங்களாக இயக்க வேண்டும்.

மொத்தமாக ஏற்றும் வேலை என்றால் கதை வேறு. எலாஸ்டிக்சர்ச்சில் ரிஃப்ரெஷ் இடைவெளி -1, ரெப்ளிகா 0 என்று வைத்து ஏற்றிவிட்டு, முடிந்ததும் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்போது ரெப்ளிகா ப்ரைமரியின் ஃபைல்களையே நகலெடுத்துக்கொள்ளும், எல்லா ஆவணத்தையும் மறுபடி இண்டெக்ஸ் செய்வதைவிட அது மலிவு. ரெப்ளிகா 0 ஆக இருக்கும் அந்த நேரத்தில் ஒரு டிஸ்க் போனால் அந்த ஷார்டும் போச்சு, அதனால் மூலத் தகவல் கையில் இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து ஏற்ற முடியும் என்று உறுதியான பிறகே இதில் இறங்குங்கள்.